811ஏ வால்வுக்கு எந்த ட்ரான்ஸ்ஃபார்மர்?

கேள்வி: காட்பாடியில் பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 811ஏ என்ற ரேடியோ வால்வு (கண்ணாடிக் குழாய்) ஒன்று கையில் இருக்கிறது. அதில் காற்றில் மின்பொறி பாய்ச்சும் சின்ன டெஸ்லா காயில் செய்ய ஆசை. ஒரு சாண் நீளத்துக்குப் பொறி வந்தால் போதும். விளம்பர போர்டு செய்யும் அண்ணன் ஒருவர் 15,000 வோல்ட் நியான் ட்ரான்ஸ்ஃபார்மர் தருகிறேன் என்கிறார். நண்பனோ பழைய மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பதைக் கழற்றினால் போதும் என்கிறான். எதை வாங்கலாம் ஐயா?

பதில்: நியான் ட்ரான்ஸ்ஃபார்மர் அந்த அண்ணனிடமே இருக்கட்டும் தம்பி. ஸ்பார்க் கேப் (பொறி தாவும் இடைவெளி) வைத்துச் செய்யும் காயிலுக்கு அது நல்ல சரக்கு. வால்வு காயிலின் கணக்கு வேறு. பொறிக்கான வோல்டேஜை உங்கள் காயிலே ஏற்றிக்கொள்ளும். சப்ளை தரவேண்டியது கரண்ட். 811ஏ தாங்குவது 1,500 வோல்ட் வரைதான். நியானோ 15,000 வோல்ட்டை வைத்துக்கொண்டு 30 மில்லியாம்ப்தான் கொடுக்கும். உங்களுக்குத் தேவை 1,000 வோல்ட் ஏசி, 200 மில்லியாம்புக்குக் குறையாமல். அதன் உச்சம் சுமார் 1,400 வோல்ட். வால்வுக்குச் சரியான அளவு. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் கூட வேண்டாம், பாதி அலையில் மட்டும் வால்வு தானே ஓடும்.

நண்பன் சொன்னது பாதி சரி. மைக்ரோவேவ் ட்ரான்ஸ்ஃபார்மர் 230-க்கு 2,000 வோல்ட் தரும். அப்படியே கொடுத்தால் உச்சம் 2,800. சிலர் ஓட்டுகிறார்கள், வால்வின் ஆயுள்தான் குறையும். டிம்மர்ஸ்டாட் (நாபைத் திருகி மெயின் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து 115 வோல்ட் கொடுங்கள், 1,000 வந்துவிடும். முழு வோல்டேஜில் அது போடும் உறுமலும் சூடும் அப்போது இருக்காது. கை தவறி மேலே திருகிவிடாதபடி நாபுக்கு ஒரு தடுப்பு வைத்துவிடுங்கள்.

காயலாங்கடையில் அடுப்பு வாங்கும்போது முதலில் தூக்கிப் பாருங்கள். இன்வெர்ட்டர் வகை அடுப்பில் இந்த ட்ரான்ஸ்ஃபார்மரே கிடையாது, ஒரு போர்டுதான் இருக்கும், எடை காட்டிக்கொடுத்துவிடும். மல்டிமீட்டரை எடுத்துப்போங்கள். ஹை வோல்டேஜ் முனைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே 50 முதல் 200 ஓம் காட்டினால் வைண்டிங் உயிரோடு இருக்கிறது. உள்ளே உள்ள கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யாமல் எதையும் தொடாதீர்கள். மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் மேக்னட்ரானை உடைக்கவே வேண்டாம். அதன் பீங்கானில் பெரிலியம் ஆக்சைடு இருக்கலாம், அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

புதிதாகக் கட்டித் தரச் சொல்லலாமா என்றால், பம்பு மோட்டார் காயில் கட்டுபவர்களிடம் கொடுக்காதீர்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே பேப்பர் வைத்து, வார்னிஷில் முக்கி, ட்ரான்ஸ்ஃபார்மரே தொழிலாகக் கட்டுபவராக இருக்கவேண்டும். அப்படி ஒருவர் கிடைத்தால் எனக்கு அதுதான் பிடிக்கும். டிம்மர்ஸ்டாட் செலவு மிச்சம்.

உங்கள் கடிதத்தில் ஃபிலமென்ட் (வால்வுக்குள் சூடேறும் கம்பி) பற்றி ஒரு வார்த்தை இல்லையே! முதலில் வாங்கவேண்டியதே அதற்கான ட்ரான்ஸ்ஃபார்மர்தான். 811ஏ கேட்பது 6.3 வோல்ட், 4 ஆம்ப். 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. கடையில் சுலபமாகக் கிடைக்கும் 6 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர் அந்த எல்லையின் ஓரத்தில் நிற்கும். லோடு ஏறியதும், ஒயரில் கொஞ்சம் விழுந்ததும் எல்லைக்குக் கீழே போய்விடும். வோல்டேஜ் குறைந்தால் வால்வுக்கு நல்லது என்று நினைக்காதீர்கள், தோரியம் கலந்த ஃபிலமென்ட் போதிய சூடில்லாமல் ஓடினாலும் கெடும். சென்னை ரிச்சி தெருவுக்கு ரயில் ஏறினால் 6.3 என்றே கேட்டு வாங்குங்கள். அளப்பது வால்வின் காலில், எரியும்போது. இதை டிம்மர்ஸ்டாட்டில் மாட்டாமல் நேராக மெயினில் கொடுங்கள். ஃபிலமென்ட் சூடேறிய பிறகே ஹை வோல்டேஜ்.

அப்புறம், “வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறது” என்ற தைரியம் (கரண்ட் கசிந்தால் மெயினைத் துண்டிக்கும் ஸ்விட்ச் அது) இங்கே உதவாது. நீங்கள் ஹை வோல்டேஜ் பக்கமான செகண்டரியைத் தொட்டால் கரண்ட் அந்த ட்ரான்ஸ்ஃபார்மருக்கே திரும்பும், மெயின் பக்கம் எந்த வித்தியாசமும் தெரியாது, ஆர்சிசிபி விழாது. மைக்ரோவேவ் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒரே தொடுதலில் ஆளை முடித்துவிடும். இரும்புச் சட்டத்தைக் கட்டாயம் எர்த் செய்யுங்கள், மெயின் பக்கமான பிரைமரியில் ஃபியூஸ் போடுங்கள், பிளக்கைப் பிடுங்காமல் எதையும் திருத்தாதீர்கள். தனியாக இருக்கும்போது ஓட்டவும் வேண்டாம். உங்கள் லேப் ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் சோதனை செய்யுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் “1,000 கிலோவோல்ட் மாட்யூல்” ஒன்றையும் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். அதில் ஓடுமா? இல்லை, திருப்பித் தரலாமா?

பதில்: ஓடாது. காற்றில் 1 சென்டிமீட்டர் தாண்ட ஏறக்குறைய 30 கிலோவோல்ட் வேண்டும். 1,000 கிலோவோல்ட் உண்மை என்றால் பொறி ஓர் அடிக்கு மேல் பாயவேண்டும். உங்களுடையது ஓரிரு சென்டிமீட்டர் தாண்டினாலே பெரிது. இந்தக் கணக்கையே எழுதி, பொறியோடு ஸ்கேலும் தெரிகிற படம் எடுத்து, திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் விற்றவருக்கு அனுப்புங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொய் விளம்பரத்தையும் சேர்த்தே பேசுகிறது. பில்லையும், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். புகார் போனதும் அந்தப் பக்கத்தில் எண்ணை மாற்றிவிடுவார்கள்.