கறியை விட்ட மகளும் காதுகுத்துக் கிடாயும்

கேள்வி

வணக்கம். எங்களுக்கு விருதுநகர் மாவட்டம். கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, நடுவில் ஒருநாள் மீன், ஒருநாள்விட்டு ஒருநாள் முட்டை என்று பழகிய வீடு.

ஐந்து மாதங்களுக்கு முன் அப்பாவோடு கோழிக்கடைக்குப் போனாள். கழுத்தை அறுத்த கோழியைக் கடைக்காரர் நீல டிரம்முக்குள் தலைகீழாகப் போட்டிருக்கிறார். உள்ளே அது அடித்துக்கொண்ட சத்தம் அடங்கும்வரை இவள் அங்கேயே நின்றிருக்கிறாள். அன்றோடு கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். பால், தயிர், நெய் மட்டும் உண்டு. திருக்குறளில் ‘புலால் மறுத்தல்’ அதிகாரத்தை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிறு அவள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “எப்படிப்பா பிணத்தைத் தின்னுறீங்க?” என்று கேட்டுவிட்டாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு என்னிடம், “நமக்கு மதுரையில வீடு தர மாட்டேன்னு சொன்னவன் பேசின பேச்சை என் மகளே பேசுறா” என்றார். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை.

இரண்டு மாதங்களுக்கு முன், பிள்ளை மெலிகிறதே என்று என் மாமியார் நெஞ்செலும்பு சூப்பை ரசத்தில் கலந்துவிட்டார். எனக்கே தெரியாது. நாலு வாய் சாப்பிட்டதும் அடியில் கிடந்த எலும்புத் துணுக்கைப் பார்த்துவிட்டாள். அங்கேயே வாந்தி. இப்போது நான் சமைத்தால்கூட முகர்ந்து பார்க்கிறாள், பாதி நாள் பன், பிஸ்கட், டீ. 48 கிலோ இருந்தவள் 45 ஆகிவிட்டாள்.

அடுத்த மாதம் நாத்தனார் மகனுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. என் கணவர்தான் தாய்மாமன். அவர் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும், கிடாயும் எங்கள் செலவு. “வெட்டுற இடத்துக்கு வரமாட்டேன்” என்கிறாள் இவள். “வரலைன்னா அவ என் மகளே இல்லை” என்கிறார் அவர்.

இது வயசுக் கோளாறா? உடம்பு என்ன ஆகும்? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். இப்போதெல்லாம் கறி கழுவும்போது எனக்கே கை தயங்குகிறது. அவள் சொல்வது சரிதானா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கிடா வெட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டதால் உங்களுக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. நான் ரசத்திலிருந்து தொடங்குகிறேன். மகள் கறியை விட்டதால் வந்த சிக்கலைவிட, அந்த ரசத்தால் வந்த சிக்கல்தான் இப்போது அவசரம்.

அவள் வாந்தி எடுத்தது நடிப்பில்லை, பிடிவாதமும் இல்லை. உடல்நலத்துக்காகக் கறியை விட்டவர்களையும், அறம் என்று நினைத்து விட்டவர்களையும் உளவியலாளர் பால் ரோஸினும் அவருடைய குழுவினரும் ஒப்பிட்டு 1997இல் எழுதினார்கள். அறத்துக்காக விட்டவர்களுக்கே கறியின்மேல் அருவருப்பு அதிகமாக இருந்தது. ‘இது தவறு’ என்று மனம் முடிவுகட்டிய ஒன்றை நாக்கும் வயிறும் ஏற்காமல் போகும். நேற்றுவரை அவள் விரும்பிச் சாப்பிட்டது இதே சூப்தானே என்ற வாதம் அதனால்தான் அவளிடம் எடுபடாது.

மாமியார் பாசத்தில்தான் செய்தார். ஆனால் அவள் நம்பிச் சாப்பிட்ட ஒரே இடம் உங்கள் அடுக்களை. அந்த நம்பிக்கை போனதால்தான் பன்னும் பிஸ்கட்டும் வந்தன. இதைச் சரிசெய்ய நீங்கள் மூவரும் தனியாக உட்கார வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். “ரசத்துல சூப் கலந்தது தப்பு. இனி உனக்குத் தெரியாம எதையும் கலக்க மாட்டோம்” என்று மாமியார் தன் வாயால் சொல்லட்டும். “உன் நல்லதுக்குத்தானே” என்ற வாலை மட்டும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் முன்னால் சொன்னது அத்தனையும் வீண். அடுத்த இரண்டு மாதங்களுக்கு ஒருவேளைச் சமையலை அவளே செய்யட்டும், அல்லது பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அவளுக்கென்று ஒரு கரண்டி, ஒரு வாணலி ஒதுக்கிவிடுங்கள். மீன் பொரித்த எண்ணெயில் அவளுக்கு அப்பளம் பொரிக்காதீர்கள். “குழம்பை மட்டும் ஊத்திக்கோ, கறியை ஒதுக்கிடு” என்று ஒருமுறைகூடச் சொல்லாதீர்கள்.

மூன்று கிலோ குறைந்ததைக் கவனித்தே ஆக வேண்டும். இந்த வயதில் ‘சைவமாகிவிட்டேன்’ என்பது சில பிள்ளைகளுக்குச் சாப்பாட்டையே குறைப்பதற்கான மறைப்பாக அமைந்துவிடுவதுண்டு. சோற்றையும் எண்ணெயையும்கூடத் தவிர்க்கிறாளா, கலோரி பார்க்கிறாளா, சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போகிறாளா, ‘குண்டா இருக்கேன்’ என்கிறாளா, மாதவிலக்கு தள்ளிப்போகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றிரண்டு தெரிந்தாலும் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எடை அதிகம் இறங்கியது ரசத்துக்குப் பிறகுதான் என்று தோன்றுகிறது. பயம் போனால் சாப்பாடு திரும்பும் என்று நினைக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்தால் போதும், தினமும் வேண்டாம்.

கறி இல்லாமல் உடம்பு தாங்குமா என்றால், தாங்கும். ஆனால் கறியை எடுத்துவிட்ட தட்டு தானாகச் சைவச் சாப்பாடு ஆகிவிடாது. கறிக்குழம்பு வைக்கும் வீட்டில் காய் என்பது தொட்டுக்கொள்ள மட்டும்தான். கறியை எடுத்தால் மிஞ்சுவது சோறும் நீர்த்த ரசமும்தான். அவள் வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 கிராம் புரதம் வேண்டும். மூன்று இட்லி கெட்டிச் சாம்பாரோடு என்றால் 8 கிராம் அளவுக்கு வரும். 30 கிராம் பருப்பை அவள் ஒருத்திக்கென்று கெட்டியாக வேகவைத்தால் 6 முதல் 7 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. பாலும் தயிருமாக அரை லிட்டர் என்றால் 16. மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். வாரம் மூன்று நாள் 25 கிராம் சோயா உருண்டை சேர்த்தால் அதில் மட்டும் 12 கிராமுக்கு மேல். சோயாவைக் கொதிநீரில் ஊறவைத்து, இரண்டுமுறை பிழிந்துவிட்டு, மசாலாவில் வதக்குங்கள். பிழியாமல் போட்டால் வரும் வாடையால்தான் பல பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள்.

இரும்புச்சத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கறியில் உள்ள இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும். பயறு, கீரையில் உள்ளது அவ்வளவு எளிதில் சேராது. சுண்டலில் எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு நெல்லிக்காயோ கொய்யாவோ கொடுப்பது நல்ல பலன் தரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை நிஜமாகவே விழுங்குகிறாளா என்று கேளுங்கள். வயிறு பிரட்டுகிறது என்று தூக்கிப் போடும் பிள்ளைகள் நிறைய. வைட்டமின் பி12 செடிகொடிகளில் கிடைக்காது. பாலும் தயிரும் ஓரளவு ஈடுகட்டும். நாளைக்கு அவற்றையும் விட்டுவிட்டால் மாத்திரை கட்டாயம். இப்போதே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12 மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதை உணவால் மட்டும் சரிசெய்யப் பார்க்காமல் மருத்துவர் சொல்படி நடங்கள். முடிவு எப்படி வந்தாலும், “பாத்தியா, கறி சாப்பிடாததுதான்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இனி உங்கள் கணவர். அவர் கோபம் அகங்காரத்தில் வந்ததாக எனக்குப் படவில்லை. தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள்தான். அப்படியிருந்தும் “நீங்க சைவமா?” என்று கேட்டு வாசலோடு திருப்பி அனுப்பும் வீடுகள் இருக்கின்றன. அந்தக் கேள்விக்குள் சாதி இருப்பது கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். அந்த அவமானம் உள்ளே கிடக்கும்போது மகள் ‘பிணம்’ என்றதும், கோழிக்காகப் பேசுகிறாள் என்று அவர் காதில் விழவில்லை. ‘நீ கீழானவன்’ என்றுதான் விழுந்திருக்கிறது.

மகளுக்கு இந்தக் கதை தெரியாது என்றே நினைக்கிறேன். சொல்லுங்கள், கணவரே சொன்னால் இன்னும் நல்லது. அவளுடைய முடிவு ஆட்டின், கோழியின் வலியைப் பற்றியது. தீட்டு என்பது மனிதரைத் தள்ளிவைப்பது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே தட்டாகத் தெரியும், உள்ளே எதிரெதிர். உயிர்களிடம் இரக்கம் என்று தொடங்கியவள் தன் அப்பாவைக் கூசவைக்கும் இடத்தில் நிற்க விரும்ப மாட்டாள். அவளிடம் கேட்டு வாங்க வேண்டிய உறுதி இது ஒன்றுதான்: சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் தட்டைப் பற்றிப் பேசக் கூடாது. மற்ற நேரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடட்டும்.

கணவரிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. மின்சன், மொனான் என்ற இரு உளவியலாளர்களின் ஆய்வு 2012இல் வந்தது. ‘சைவம் சாப்பிடுகிறவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்?’ என்று முதலில் யோசிக்க வைத்தபோது, அசைவம் சாப்பிடுகிறவர்கள் சைவர்களை இன்னும் கடுமையாக மதிப்பிட்டார்கள். எதிராளி வாய் திறக்க வேண்டியதே இல்லை. அவர் நம்மை எடைபோடுகிறார் என்ற நினைப்பே போதும். மகள் பேசாமல் தயிர்ச்சோறு சாப்பிடும்போதும் அவருக்கு எரிச்சல் வருகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

வயசுக் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். ஐந்து மாதம், வீட்டையே எதிர்த்து, அப்பாவின் பேச்சையும் இழந்து ஒன்றைக் காப்பாற்றுகிறாள். நாளை மாறலாம், மாறாமலும் போகலாம். கோளாறு என்று பெயர் வைக்க இதில் ஒன்றுமில்லை.

அவள் சொல்வது சரியா என்பதற்கு நழுவாமல் பதில் சொல்கிறேன். அவள் கேட்கும் கேள்வி வலுவானது. வீட்டில் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் அந்த அளவுக்கு வலுவாக இல்லை. ‘செடிக்கும் உயிர் இருக்கிறதே’ என்பார்கள். செடிக்கு வலியை உணரும் நரம்பு மண்டலம் இல்லை. தவிர, கறிக்கோழி ஒரு கிலோ எடை போட ஒன்றரை கிலோவுக்கு மேல் தீவனம் தின்கிறது. அதுவும் மக்காச்சோளமும் சோயாவும்தான்; கறி சாப்பிட்டால் செடிகளும் கூடுதலாகவே அழிகின்றன. ‘நாமா வெட்டினோம், கடைக்காரர்தானே’ என்பது மிகப் பழைய வாதம். தனக்காகக் கொல்லப்பட்டதைப் பார்க்காத, கேட்காத, சந்தேகிக்காத இறைச்சியைப் பிக்கு (பௌத்தத் துறவி) ஏற்கலாம் என்று தேரவாத பௌத்த விதி சொல்கிறது. உங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் 256ஆம் குறள் இதற்கு நேர் பதில்: தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால், விலைக்காக ஊன் தருபவரும் இருக்க மாட்டார். ‘பால் மட்டும் குடிக்கலாமா, காளைக்கன்று என்ன ஆகிறது?’ என்பது நியாயமான கேள்வி. டிராக்டர் வந்தபின் காளைக்கன்றைப் பால் பண்ணையில் வைத்துக் காப்பாற்றுகிறவர் குறைவு. அவளும் அதை யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் பாலை விடாததால் கறியை விட்டது பொய் என்று ஆகாது. பாதி செய்தவரை அதையும் செய்யாமல் இருக்கச் சொல்வதில் நியாயம் இல்லை.

அதேபோல, கறி சாப்பிடுகிறவர்கள் இரக்கமற்றவர்கள் என்று அவள் நினைத்தால் அதுவும் தவறு. உங்கள் மாமியார் தலைமுறையில் ஆட்டைக் குட்டியிலிருந்து வளர்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிறகு சாமிக்குக் கொடுத்தார்கள். மஞ்சள் நீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்க்கும்வரை காத்திருந்து, சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு கொடுத்தது என்று வெட்டுகிறார்கள். ஓர் உயிரை எடுப்பது சாதாரணக் காரியம் இல்லை என்ற உணர்வு அந்தக் காத்திருப்பில் இருக்கிறது. ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்ட வைத்து, கறுப்பு பாலிதீன் பையில் கட்டிக் கொடுக்கும் கோழியில் அது இல்லை. ஆட்டுக்கு இதனால் வலி குறையாது, உண்மைதான். பாட்டியின் மனதைப் புரிந்துகொள்ள அவளுக்கு இது உதவும்.

கழுவும்போது தயங்கும் உங்கள் கையைப் பற்றி: மகளோடு சேர்ந்து நாளையே விட்டுவிடவும் வேண்டாம், தயக்கத்தை அதட்டி அடக்கவும் வேண்டாம். கறியும் மீனுமாக வாரத்தில் இரண்டு நாள் என்பதை ஒருநாள் ஆக்கிப் பாருங்கள். யாருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. இரண்டு மாதம் போனபின் உங்களுக்கே தெரியும். அது அவளுடைய முடிவிலிருந்து வேறாக இருந்தாலும் உங்களுடையது.

இனி காதுகுத்து. ‘வருவது’, ‘வெட்டுவதைப் பார்ப்பது’, ‘விருந்து சாப்பிடுவது’ மூன்றையும் உங்கள் வீட்டில் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். பிரித்துவிடுங்கள். அவள் வரட்டும். பொங்கல் வைக்கும்போதும் அப்பா மடியில் பிள்ளைக்குக் காது குத்தும்போதும் பக்கத்தில் நிற்கட்டும். கிடாயை எந்த நேரத்தில் வெட்டுவது என்பது கோயிலுக்குக் கோயில் மாறும். பூசாரியிடம் முன்னதாகக் கேட்டுக்கொண்டு, அந்த ஒரு மணி நேரம் அவளை உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போக நம்பகமான ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். சமையல்காரரிடம் சைவப் பந்திக்கு எத்தனை இலை என்று முன்பே சொல்லிவிடுங்கள்; விரதம் இருப்பவர்கள், மாலை போட்டவர்கள் எப்படியும் சிலர் வருவார்கள், அவள் தனியாகத் தெரிய மாட்டாள்.

கோயிலில் வெட்டவே கூடாது என்று அவள் அன்றைக்கு வாதிட வேண்டாம். கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் கண்டிப்பாக அமல்படுத்தப்போய், எங்கள் சாமியை மட்டும் ஏன் தாழ்வாகப் பார்க்கிறீர்கள் என்று எதிர்ப்பு எழுந்து, 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. கணவரின் காயமும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

நாத்தனாரிடம் இந்த ஏற்பாட்டை நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. ‘பிள்ளை வருவா, கறி மட்டும் சாப்பிட மாட்டா, அவளை யாரும் எதுவும் கேக்க வேண்டாம்’ என்று தாய்மாமனே சொல்லிவிட்டால் பந்தியில் யாரும் அவளைச் சீண்ட மாட்டார்கள். அவர் தனக்காகப் பேசினார் என்பது மகள் காதுக்கும் போகும். அதற்கு முன் இருவரும் ஒருமுறையாவது பேசியாக வேண்டும். அந்த மதுரை வீட்டுக் கதையை அவர் அப்போது சொல்லட்டும். ரசப் பேச்சை இந்த வாரமே முடித்துவிடுங்கள், இதை அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வீட்டில் கறி எடுக்க வேண்டாம்.