டிராவல் டிரெய்லரில் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) லெட்-ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போட்டால் சார்ஜரையும் மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் ஆமாம். டிரெய்லரில் போடுவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. அரிசோனா பாலைவனம் மாதிரி கரண்ட் இணைப்பே இல்லாத இடத்தில் நாள்கணக்கில் தங்குகிறவர்கள் இதற்கு மாறக் காரணம், 100 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள லெட்-ஆசிடில் அடிக்கடி பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் சீக்கிரம் குறையும், லித்தியத்தில் கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம். பாதி உயரத்தில் குழாய் வைத்த தண்ணீர்த் தொட்டிக்கும் அடியில் வைத்த தொட்டிக்கும் உள்ள வித்தியாசம்தான்.

சரி, சார்ஜர் ஏன்? டிரெய்லரில் வெளிக் கரண்டை மாற்றி பேட்டரிக்கு ஏற்றும் சார்ஜர்தான் கன்வர்ட்டர். பழைய கன்வர்ட்டர்கள் பல 13.6 வோல்ட்டிலேயே நின்றுவிடும், லித்தியத்துக்கு 14.4 வோல்ட் அளவுக்கு வேண்டும். இல்லையென்றால் ஜெனரேட்டரை மணிக்கணக்கில் ஓட்டினாலும் மெதுவாகத்தான் ஏறும். வாங்கும் முன் கன்வர்ட்டர் லேபிளைப் பாருங்கள், லித்தியம் சுவிட்ச் இருந்தால் அந்தச் செலவு மிச்சம். அப்புறம், இழுக்கும் வண்டியிலிருந்து சார்ஜ் ஏற்றுவதானால் நடுவில் கரண்டைக் கட்டுப்படுத்தி அனுப்பும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம் போடுங்கள், இல்லையென்றால் லித்தியம் கரண்டை இழுக்கிற வேகத்தில் வண்டி எஞ்சினோடு ஓடி கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் சூடேறிவிடும்.

குளிரில் லித்தியம் வேலையே செய்யாது என்பது தவறு: 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏற்றத்தான் கூடாது, விளக்கும் ஹீட்டர் ஃபேனும் தாராளமாக ஓடும்.