இடப்பக்கம் போகும் பந்து

அன்புள்ள சார்,

டாலஸில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் கோல்ஃப் பைத்தியம் பிடித்தது. நான்கு வருடம் யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் ஆடினேன். அதிக தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரில் அடித்தால் பந்து எப்போதும் வலப்பக்கம் வளைந்து போகும். எவ்வளவு வளையும் என்று தெரியும் என்பதால் இடப்பக்கம் பார்த்து நின்று அடித்துச் சமாளித்துவிடுவேன். ஸ்கோர், அதாவது மொத்த அடிகள், 95, 96 வரும்; குறைந்தால்தான் நல்லது. இந்த வருடம் ஒரு கோச்சிடம் ஆறு வகுப்பு போனேன். முதலில் கிரிப்பை, அதாவது மட்டையைப் பிடிக்கும் விதத்தை, மாற்றினார். அப்புறம் இடுப்பு, தோள், எடையை மாற்றுவது என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்று. இப்போது பாதிப் பந்துகள் நேராக இடப்பக்க மரங்களுக்குள் போகின்றன, மீதி பழையபடி வலப்பக்கம். ஸ்கோர் 105ஐத் தாண்டிவிட்டது. யூட்யூப் பார்த்தால் குழப்பம்தான் கூடுகிறது. காசு கொடுத்து ஆட்டத்தைக் கெடுத்துக்கொண்டேனா? பழைய கிரிப்புக்கே போய்விடலாமா? அடுத்த மாதம் ஆபீஸில் ஸ்க்ராம்பிள் போட்டி வேறு இருக்கிறது.

எஸ்., டாலஸ்

அன்புள்ள எஸ்,

பழைய கிரிப்புக்குப் போகாதீர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் நல்ல செய்தியே அந்த இடப்பக்கம் போகும் பந்துதான்.

நீங்கள் வலக்கை ஆட்டக்காரர் என்று எடுத்துக்கொள்கிறேன். பந்து எங்கே போகும் என்பதைப் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் முடிவுசெய்கின்றன. அடிபடும் கணத்தில் கிளப்பின், அதாவது மட்டையின், முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது ஒன்று, கிளப் எந்தப் பாதையில் வருகிறது என்பது இன்னொன்று. பந்து கிளம்புவது பெரும்பாலும் முகம் பார்க்கும் திசையில். வளைவது, முகத்துக்கும் பாதைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தால். ரொம்ப காலம் இதைத் தலைகீழாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ட்ராக்மேன் மாதிரி ராடார் கருவிகள் வந்த பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. இன்றும் பழைய கணக்கையே சொல்லும் கோச்சுகள் உண்டு.

உங்கள் ஸ்லைஸுக்கு, அதாவது அந்த வலப்பக்க வளைவுக்கு, வருவோம். கிளப் வெளியிலிருந்து உள்பக்கமாக, அதாவது இலக்குக்கு இடப்பக்கமாக வெட்டிக்கொண்டு வருகிறது. முகமோ அந்தப் பாதைக்கு வலப்பக்கம் திறந்திருக்கிறது. அதனால் பந்து வலப்பக்கம் வளைகிறது. நீங்கள் என்ன செய்தீர்கள்? இடப்பக்கம் திரும்பி நின்றீர்கள். தோளும் கூடவே திரும்பியது, பாதை இன்னும் இடப்பக்கம் போனது. ஆனால் உங்கள் மனதுக்கு இலக்கு வலப்பக்கம்தானே இருக்கிறது, முகம் அதைப் பார்த்தே நின்றது. வித்தியாசம் கூடக் கூட வளைவும் கூடியது. வளைவைச் சமாளிக்க நீங்கள் கண்டுபிடித்த வழியே வளைவுக்குத் தீனி போட்டது. டிரைவரில்தான் இது பூதாகரமாகத் தெரியும். கிட்டத்து அடிகளுக்கான வெட்ஜில் இதே தப்பைச் செய்தாலும் அவ்வளவு வளையாது, ஏனென்றால் அந்த முகத்தின் சாய்வு அதிகம், பந்தின் சுழற்சி பெரும்பாலும் பின்னோக்கியே இருக்கும்.

கோச் கிரிப்பை மாற்றியதும் முகம் மூடிக்கொண்டது. பாதை மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போது முகமும் பாதையும் ஒரே திசையில், இரண்டும் இடப்பக்கம். அதனால் வளையாமல் நேராக மரத்துக்குள் போகிறது. ஹேண்டில் கோணிய சைக்கிளை வருடக்கணக்கில் ஓட்டியவனுக்கு ஹேண்டிலை நேராக்கிக் கொடுத்தால், முதல் நாள் வாய்க்காலில்தான் இறங்குவான். ஹேண்டில் மேல் குற்றமில்லை.

அப்படியென்றால் மீதிப் பந்து ஏன் வலப்பக்கம்? இரண்டு பந்து இடப்பக்கம் போனதும் கை பயந்துவிடுகிறது. மூன்றாவது பந்தில் முகத்தை மூடவிடாமல் பிடித்து வைக்கிறீர்கள், பழைய ஸ்லைஸ் திரும்பி வருகிறது. இதை யோசித்துச் சரிசெய்ய முடியாது. கிளப் மேலிருந்து பந்துக்கு இறங்க ஏறத்தாழ கால் விநாடி, பந்தும் முகமும் தொட்டுக்கொண்டிருப்பது அரை மில்லிவிநாடி. அதற்குள் இடுப்பு, தோள், எடை என்று எதை நினைக்க முடியும்?

உங்கள் கோச் மேல் எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான். கிரிப்பை மாற்றியது சரி. அடுத்த வகுப்பிலேயே பாதையைக் கையில் எடுத்திருக்க வேண்டும், அது முடியும்வரை வேறு எதையும் தொட்டிருக்கக் கூடாது. ஆறு வகுப்பில் ஆறு விஷயம் என்பது பாடத்திட்டத்தை முடிக்கிற அவசரம்.

முதலில் தரையில் ஒரு கிளப்பைக் கிடத்தி, பாதமும் தோளும் அதற்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். நேராக நின்றாலே வலப்பக்கம் பார்த்து நிற்பதுபோலத் தோன்றும். நான்கு வருடப் பழக்கம், அப்படித்தான் இருக்கும். அப்புறம் டிரைவரின் உறையைக் கழற்றி, பந்துக்கு ஒரு அடி பின்னால், உங்களுக்கு அப்பால் இருக்கும் பக்கத்தில் வையுங்கள். 7 அயர்ன் கிளப்பை எடுத்து, உறையைத் தொடாமல் பந்தை அடியுங்கள். முழு ஸ்விங் வேண்டாம், இடுப்பு உயரம் போதும், பாதி வேகம் போதும். வெளியிலிருந்து வெட்டினால் உறை பறக்கும். உடம்பில் எந்த பாகம் என்ன செய்கிறது என்று நினைக்க வேண்டிய அவசியமே இல்லை. இது கைக்கு வந்த பிறகு வேகத்தைக் கூட்டுங்கள், டிரைவரைக் கடைசியாக எடுங்கள். பயிற்சி ரேஞ்சில் ஒரு கூடைப் பந்தையும் ஒரே கிளப்பில் அடித்துத் தள்ளாதீர்கள். கொஞ்சம் பிடிபட்டதும் பந்துக்குப் பந்து கிளப்பையும் இலக்கையும் மாற்றுங்கள். ரேஞ்சில் அது மோசமாகத் தெரியும், மைதானத்தில் நிற்கும்.

யூட்யூபை இப்போதைக்கு மூடிவிடுங்கள். அங்கே சொல்வதெல்லாம் தப்பு என்று இல்லை, வேறு யாருடைய வியாதிக்கோ எழுதிய மருந்து அது. அந்தக் காலச் சாம்பியன் பென் ஹோகன் தன் பந்து இடப்பக்கம் வளைவதோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவர். அதை அடக்க அவர் பிடித்த கிரிப்பை ஸ்லைஸ் அடிக்கிறவன் பிடித்தால் பந்து பக்கத்து ஃபேர்வேக்குப் போகும்.

இங்கிலாந்து ஆட்டக்காரர் நிக் ஃபால்டோ 1985ல் டேவிட் லெட்பெட்டர் என்ற கோச்சிடம் போய் ஸ்விங்கைப் பிரித்துக் கட்டினார். முதல் மேஜர், அதாவது வருடத்தின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று, 1987ல் ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் வந்தது, கடைசி நாள் பதினெட்டுக் குழியிலும் பார் (குழிக்குக் குறித்த அடிக்கணக்கு) அடித்து. முழுநேரம் இதையே தொழிலாக வைத்திருந்தவருக்கே இரண்டு வருடம் ஆனது. எல்லாருக்கும் அப்படிக் கூடிவந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் பாட்ரிக் ஹாரிங்டன் 2007, 2008ல் மூன்று மேஜர் வென்ற கையோடு ஸ்விங்கை மாற்ற ஆரம்பித்தார், நான்காவது மேஜர் அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஆனால் அவர் மாற்றியது ஜெயித்துக்கொண்டிருந்த ஸ்விங். உங்களுடையது அப்படியில்லை, மன்னிக்கவும்.

ஸ்கோருக்காகக் கவலைப்படாதீர்கள். ஆட்டக்காரரின் தரத்தைச் சொல்லும் ஹேண்டிகேப் கணக்கில் கடைசி இருபது ஆட்டங்களில் சிறந்த எட்டைத்தான் எடுக்கிறார்கள், நாலைந்து மோசமான ஆட்டம் அதை உடனே கெடுத்துவிடாது. ஸ்க்ராம்பிளுக்குத் தாராளமாகப் போங்கள். நால்வர் அடித்ததில் நல்ல பந்தைத்தானே எடுக்கப்போகிறார்கள், உங்களுடையது மரத்துக்குள் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அன்றைக்கு டிரைவரை வெளியே எடுக்க வேண்டாம், ஹைப்ரிட் கிளப்பிலேயே முதல் அடியை அடியுங்கள்.

கோச்சை மாற்றுவதற்கு முன்னால் இன்னும் ஒரு வகுப்பு போங்கள். "முகம் சரியாகிவிட்டது, பாதை இன்னும் இடப்பக்கம் போகிறது, அதை மட்டும் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கேமராவை உங்களுக்குப் பின்னால், இலக்குக் கோட்டில் வைத்துப் பாதையைக் காட்டினால் அவரிடமே தொடரலாம். அதை விட்டுவிட்டு ஏழாவதாக முழங்கால் பற்றிப் பேச ஆரம்பித்தால், வேறு ஆளைப் பாருங்கள்.