ஓநாய் ஏன் காரணம் சொல்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏழு வயது மகனுக்கு ஈசாப் கதைகள் வாசித்துக் காட்டுகிறேன். ஓநாயும் ஆட்டுக்குட்டியும் கதை முடிந்ததும் ‘குட்டி என்ன தப்பு செய்தது?’ என்று அழுதுவிட்டான். புத்தகத்திலிருந்த நீதியைச் சொல்லியும் சமாதானமாகவில்லை. இந்த வயதில் இவற்றைச் சொல்லலாமா? இவை நம் பஞ்சதந்திரத்திலிருந்து திருடப்பட்டவை என்கிறார்களே, உண்மையா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

திருட்டுப் பேச்சை முதலில் விடுங்கள். பஞ்சதந்திரம் நூலாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கி.மு. 700 வாக்கில், பருந்தின் நகத்தில் சிக்கிய பாட்டுப் பறவையின் கதையைக் கிரேக்கக் கவிஞர் ஹெஸியட் பாடிவிட்டார். கிரேக்கர்களும் முழு உரிமை கொண்டாடவில்லை. இவை சிரியாக்காரர்களிடமிருந்து வந்தவை என்று பாப்ரியஸ் என்ற கவிஞரே எழுதியிருக்கிறார். எல்லாம் இங்கிருந்துதான் போனது என்று மார்தட்டுவது, படிக்கச் சோம்பல்படுகிறவர்களின் வேலை. அது உங்களுக்கு வேண்டாம்.

என் கோபம் வேறு. அழுகிற பிள்ளையிடம் நீதியை எடுத்து நீட்ட அப்படி என்ன அவசரம்? இவை பிள்ளைகளுக்கென்று பிறந்த கதைகளே அல்ல. ஹெஸியட் தன் கதையை அரசர்களை நோக்கிச் சொல்கிறார். ஈசாப், கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்வதன்படி, சாமோஸ் தீவில் இயட்மோன் என்பவரின் அடிமை. கடைசியில் ஒட்டியிருக்கும் நீதி வரிகள் பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை.

சாமோஸில் ஈசாப் சொன்னதாக அரிஸ்டாட்டில் ஒரு கதையைத் தருகிறார். மக்கள் தலைவன் ஒருவன் மீது விசாரணை. தீர்ப்பு பாதகமானால் உயிர் போய்விடும். ஈசாப் அவனுக்காகப் பேச எழுகிறார். ஆற்றைக் கடந்த நரி ஒன்று பள்ளத்தில் சிக்கிக்கொண்டது. உடம்பெல்லாம் உண்ணி. அந்த வழியாக வந்த முள்ளெலி இரக்கப்பட்டு, ‘பிடுங்கிப் போடட்டுமா?’ என்றது. ‘வேண்டாம். இவை வயிறு நிறையக் குடித்துவிட்டன, இனி அதிகம் குடிக்காது. இவற்றை எடுத்தால் பசியோடு வேறு உண்ணிகள் வந்து மிச்ச ரத்தத்தையும் குடித்துவிடும்’ என்றது நரி. சாமோஸ் மக்களே, இவன் ஏற்கெனவே பணக்காரன், இனி உங்களுக்குத் தொல்லையில்லை. இவனைக் கொன்றால் ஏழைகள் வந்து மிச்சத்தையும் திருடுவார்கள் என்று முடிக்கிறார் ஈசாப்.

இதில் எந்த நீதியைப் பிள்ளைக்குச் சொல்வீர்கள்? ஊழல்காரனை விட்டுவிடு என்றா? சபையில், உயிர் ஊசலாடும் நேரத்தில், எதிராளியை வாயடைக்க வைக்கும் வாதம் இது. கேட்டவர்கள் அங்கேயே நரிக்குப் பதில் தேட வேண்டியிருந்தது. அதற்காகத்தான் கதை. நீதி வரியை ஒட்டியதும் அந்தத் தேடல் நின்றுவிடுகிறது.

எனக்கும் அது நின்றிருக்கிறது. பள்ளித் தேர்வில், இதே ஓநாய்க் கதையின் நீதி யாது என்று கேட்டார்கள். ‘எப்படியும் தின்னப்போகிற ஓநாய் ஏன் காரணம் சொல்கிறது?’ என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு, ‘கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்’ என்று எழுதியிருந்தார். அதன்பின் வெகுகாலம் நான் எந்தக் கதையிடமும் கேள்வி கேட்கவில்லை.

ஆனால் அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. லத்தீனில் இக்கதையைப் பாடிய ஃபீட்ரஸ் அடிமையாக இருந்து விடுதலையானவர். அவர் பாடலில் ஓநாய் மேட்டில் நிற்கிறது, குட்டி கீழே. ‘தண்ணீரைக் கலக்குகிறாய்’ என்கிறது ஓநாய். உன்னிடமிருந்துதானே எனக்குத் தண்ணீர் வருகிறது என்கிறது குட்டி. ‘ஆறு மாதம் முன்பு என்னைத் திட்டினாய்.’ நான் அப்போது பிறக்கவேயில்லை. ‘அப்படியானால் உன் அப்பன் திட்டியிருப்பான்.’ பல் இருந்தும் ஓநாய்க்கு ஒரு வழக்கு தேவைப்படுகிறது, பாருங்கள். குட்டி ஒவ்வொரு வழக்கிலும் ஜெயித்துவிட்டுத்தான் சாகிறது.

உங்கள் மகனின் கண் அங்கேதான் போயிருக்கிறது. தாராளமாக வாசித்துக் காட்டுங்கள்; நீதி வரியை மட்டும் விட்டுவிடுங்கள். அவன் மறுபடி கேட்டால், ‘ஒன்றும் செய்யவில்லையப்பா’ என்று உண்மையைச் சொல்லுங்கள். அப்புறம், அந்த நரிக் கதையையும் அவனிடம் சொல்லிப் பாருங்கள். முள்ளெலி என்ன செய்திருக்க வேண்டும் என்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.