காயம் ஆறினாலும் தழும்பு ஏன் மிஞ்சுகிறது?

அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் மாடுபிடி வீரர்களின் தொடையிலும் விலாவிலும் கொம்பு கிழித்த தழும்புகளைப் பார்க்கலாம். தோல் ஏன் பழையபடி வளர்வதில்லை?

தழும்பு என்பது உடல் அவசரத்துக்குப் போடும் ஒட்டு. காயம்பட்டதும் நோய் எதிர்ப்பு செல்கள் ஓடி வரும். அவற்றில் மேக்ரோபேஜ் என்ற வகை, கிருமியையும் செத்த திசுவையும் விழுங்கிச் சுத்தம் செய்கிறது. அப்புறம் அதுவே வேலையை மாற்றிக்கொண்டு, "இனி கட்டலாம்" என்று ரசாயனத் தகவல் அனுப்பும். உடனே இணைப்புத் திசுவின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் நாரைச் சுரக்கின்றன. சில செல்கள் தசைபோலச் சுருங்கிக் காயத்தின் ஓரங்களை இழுத்துச் சேர்க்கின்றன.

பனையோலைப் பெட்டி கிழிந்தால் நாரால் ஒரே பக்கமாக இழுத்துத் தைப்போம். பெட்டி உதவும், குறுக்கும் நெடுக்குமான பழைய பின்னல் திரும்பாது. தழும்பிலும் கொலாஜன் அப்படித்தான், பெரும்பாலும் ஒரே திசையில் நெருங்கிக் கிடக்கிறது. ஆழமான தழும்பில் முடியும் வியர்வைச் சுரப்பியும் முளைப்பதில்லை. பலமும் அசல் தோலில் 80 சதவீதம் அளவுக்குத்தான் வரும்.

கட்டுவதைவிட, நேரத்தோடு நிறுத்துவது முக்கியம். புண் சீழ் வைத்து இழுத்தடித்தால் எதிர்ப்பு செல்கள் அடங்காது, நார் சுரப்பதும் நிற்காது, தழும்பு தடிக்கும். அதனால், தயவுசெய்து காயத்தில் காபித்தூள், சாணி அப்பாதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் போங்கள்.

சிலருக்குக் காது குத்திய இடத்தில் காயத்தின் எல்லையையும் தாண்டி வளரும் கீலாய்டு என்ற தழும்பை "வெட்டி எடுத்தால் தீர்ந்தது" என்று பலர் நம்புகிறார்கள். அந்த வெட்டும் புதுக் காயம்தான் என்பதால், ஊசி போன்ற கூடுதல் சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் அது மறுபடி வளர்ந்துவிடும்.