வாசகர் கேள்வி – பதில்: எண்ணை மாற்றினால் புதுக் கணக்கு ஆகிவிடுமா?

தோட்டப்புற டியூஷன் வகுப்புகளில் எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) வேதியியல் சொல்லித் தரும் மூவரின் கேள்விகள் இம்முறை.

டியூஷன் ஆசிரியை, சுங்கை சிப்புட்: படிவம் 4 பிள்ளைகளுக்குப் பழைய தாள்களில் உள்ள மோல் (பொருளின் அளவைச் சொல்லும் அலகு) கணக்குகளை எடுத்து, எண்களை மட்டும் மாற்றித் தருகிறேன். வகுப்பில் சரியாகச் செய்பவர்கள் பள்ளிச் சோதனையில் தவறவிடுகிறார்கள். எங்கே பிழை?

பதில்: நீங்கள் போடும் எண்ணில் இருக்கலாம். ஓர் எண் பிள்ளையின் பிழையைக் காட்டிக் கொடுக்கும், இன்னோர் எண் அதையே மூடி மறைத்துவிடும்.

5 கிராம் கால்சியம் கார்பனேட் முழுதாக வினைபுரிய எத்தனை கன செ.மீ. ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும் என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். மோலார் திணிவு, அதாவது ஒரு மோலின் திணிவு, 100 கிராம் என்பதால் கார்பனேட் 0.05 மோல். ஒரு மோல் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் அமிலம், அதாவது விகிதம் 1:2, ஆக அமிலம் 0.1 மோல். அமிலத்தின் செறிவை 1.0 மோல் (ஒரு கன டெ.மீட்டருக்கு) என்று போட்டால் விடை 100 கன செ.மீ. செறிவால் வகுக்க மறந்த பிள்ளைக்கும் 100, வகுக்காமல் பெருக்கிய பிள்ளைக்கும் 100. மூவருக்கும் சரி போட்டு அனுப்பிவிடுவீர்கள்.

செறிவை 0.5 ஆக்கினால் சரியான விடை 200. விகிதத்தைத் தலைகீழாகப் போட்டவருக்கு 50, செறிவால் பெருக்கியவருக்கும் அதே 50. தாளில் 50ஐப் பார்த்தால் எதைத் திருத்துவது?

இப்போது 0.4 போட்டுப் பாருங்கள். சரியான விடை 250. விகிதத்தையே மறந்தவருக்கு 125, தலைகீழாகப் போட்டவருக்கு 62.5, பெருக்கியவருக்கு 40. விடையைப் பார்த்த மாத்திரத்தில் யார் எங்கே தடுக்கினார் என்று தெரிந்துவிடும். அந்த நான்கு எண்களையும் அப்படியே கொள்குறி விடைகளாகவும் வைக்கலாம்.

ஆகவே கணக்கை விடையிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். முதலில் 0.05, 0.02 போன்ற மோல் எண்ணிக்கை, அதிலிருந்து திணிவு, கடைசியில் செறிவு. பிறகு நீங்களே அதைத் தப்புத்தப்பாக மூன்று நான்கு வழிகளில் செய்து பாருங்கள். இரண்டு தப்பு விடைகள் ஒன்றாக வந்தால் செறிவை மாற்றுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் 1:1 என்பதால், விகிதம் புரிந்ததா என்று சோதிக்க அந்த இணை உதவாது.

எண்ணைப் போலவே பொருளையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. மேற்படி கணக்கில் சல்ஃபியூரிக் அமிலத்தைப் போட்டால், கரையாத கால்சியம் சல்பேட் கார்பனேட் துண்டுகளின் மேல் படிந்து வினை பாதியில் நின்றுவிடும். '0.5 மோல் கால்சியம் ஹைட்ராக்சைடு கரைசல்' என்று ஒன்று கிடையாது. அறை வெப்பநிலையில் சுமார் 0.02 மோல்தான் கரையும். இப்படிப்பட்ட கணக்குகள் காகிதத்தில் அழகாகச் சமன்படும், ஆய்வுக்கூடத்தில் நடக்காது. ஆய்வுக்கூடத்தில் நடக்காததைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டாம்.

தன்னார்வலர், கோல சிலாங்கூர்: பிள்ளைகள் பார்த்து வளர்ந்த உரம், பால் மரம் (ரப்பர் மரம்) இவற்றை வைத்துக் கேள்வி அமைக்க முடியுமா?

பதில்: தாராளமாக. 50 கிலோ யூரியா மூட்டையில் உள்ள நைட்ரஜனைப் பெற எவ்வளவு அமோனியம் சல்பேட் வேண்டும் என்று கேளுங்கள். மோலார் திணிவு 60, 132. விடை 110 கிலோ. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டிலுமே இரண்டு நைட்ரஜன் அணுக்கள். இரண்டு இடத்திலும் ஒன்றை மட்டும் எண்ணிய பிள்ளைக்கும் 110தான் வரும். அதனால் முதல் பகுதியாக நைட்ரஜன் விழுக்காட்டைத் தனித்தனியே கேளுங்கள் (46.7, 21.2). இல்லாவிட்டால் ஒரே நைட்ரஜன் உள்ள அமோனியம் குளோரைடைப் போடுங்கள். அதன் மோலார் திணிவு 53.5. சரியான விடை சுமார் 89 கிலோ, யூரியாவில் ஒன்றை மட்டும் எண்ணியவருக்கு 45.

பால் பற்றிய கேள்வி விளக்கம் எழுதப் பழக்கும். அமிலம் ஊற்றாமலே மங்கில் (மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணம்) கிடக்கும் ரப்பர் பால் மெல்ல உறைந்து கட்டிப்பால் ஆவது ஏன்? பாக்டீரியா அமிலத்தை உண்டாக்குகிறது, அதன் ஹைட்ரஜன் அயனிகள் ரப்பர் துகளைச் சுற்றியுள்ள புரத உறையின் எதிர்மின்னூட்டத்தை நடுநிலையாக்குகின்றன, துகள்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, உறை கிழிகிறது, பாலிமர்கள் பின்னிக்கொள்கின்றன. ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி. 'அமிலம் ரப்பரை நடுநிலையாக்குகிறது' என்று எழுதினால் புள்ளி இல்லை என்பதை விடைத்திட்டத்திலேயே குறித்துவிடுங்கள், பலர் அப்படித்தான் எழுதுவார்கள். அடுத்த பகுதியில், அமோனியா சேர்த்த பால் ஏன் கட்டுவதில்லை என்று கேட்கலாம்.

ஆசிரியர், தெலுக் இந்தான்: 50 கன செ.மீ. ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதே அளவு சோடியம் ஹைட்ராக்சைடு, இரண்டும் 1.0 மோல். வெப்பநிலை 28 பாகையிலிருந்து 50க்கு ஏறியதாகக் கணக்கு எழுதினேன். நடக்காது என்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் சொல்வது சரி. நடுநிலையாக்க வெப்பம் மோலுக்கு 57 கிலோஜூல். 0.05 மோலுக்கு 2,850 ஜூல். கலவை 100 கிராம், வெப்பக் கொள்ளளவு (ஒரு கிராமை ஒரு பாகை சூடாக்கத் தேவையான வெப்பம்) 4.2 ஜூல், ஆக 6.8 பாகைதான் ஏறும். உங்கள் 22 பாகை உயர்வை வைத்துக் கணக்கிட்டால் மோலுக்கு 185 கிலோஜூல் வரும். 57ஐ நினைவில் வைத்திருக்கும் நல்ல மாணவர் தன் கணக்கு தப்பு என்று அடித்துவிடுவார்.

28லிருந்து 34.5 என்று மாற்றுங்கள். மோலுக்கு 54.6 கிலோஜூல் வரும். 57க்குக் குறைவது ஏன் என்று கேட்டால் சுற்றுப்புறத்துக்கு இழந்த வெப்பத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். தொடர்ந்து, இரண்டையும் 100 கன செ.மீ. ஆக்கினால் என்ன, அளவை மாற்றாமல் செறிவை 2.0 ஆக்கினால் என்ன என்று கேளுங்கள். முதலாவதில் உயர்வு மாறாது, இரண்டாவதில் ஏறத்தாழ 13 பாகை. முதலாவதற்கும் 13 என்று எழுதுவோர் இருப்பார்கள். 'வெப்பம் இரட்டிப்பானது, சூடாக வேண்டிய கரைசலும் இரட்டிப்பானது' என்ற காரணத்துக்குத் தனியாக ஒரு புள்ளி வையுங்கள்.