வேலையை விடுவதா? இன்று மாலை இப்படி ஜெபித்துப் பாருங்கள்

சகோதரி, பெங்களூரு ஒயிட்ஃபீல்டு வேலையை விட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள நாகர்கோவிலுக்கே போய்விடலாமா, வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து வருகிற வசனத்தைப் பதிலாக எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அது வேண்டாம். பயந்த மனசு எந்த வசனத்தையும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும்.

இன்று மாலை வேதாகமத்தில் சங்கீதம் 25-ஐ வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். வழி காட்டும்படி தாவீது கெஞ்சுகிற ஜெபம் அது. அப்புறம் சம்பளம், வீட்டுக் கடன், அண்ணன் மேல் நீங்கள் எழுதியிருந்த வருத்தம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லியே ஜெபியுங்கள்.

வேதாகமத்தில் வரும் நெகேமியா பாரசீக ராஜாவின் அரண்மனையில் வேலை செய்தவர். இடிந்து கிடந்த எருசலேமுக்காக யூத நாட்காட்டியின் கிஸ்லேயு மாதத்தில் ஜெபிக்கத் தொடங்கி, நிசான் மாதத்தில்தான் அங்கே போக ராஜாவிடம் அனுமதி கேட்டார். இடையில் ஏறக்குறைய 4 மாதம். ராஜினாமா கடிதத்தை இந்த வாரமே அனுப்பாதீர்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய முடியுமா என்று முதலில் மேனேஜரிடம் கேளுங்கள். அம்மாவிடமும் கேளுங்கள், அவர் என்ன விரும்புகிறார் என்று நீங்கள் எழுதவே இல்லையே.